பிரின்சிபால் சாருக்கு மலர் போடுற கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மலர்க் கமிட்டியில இருக்குற அண்ணன்மாரு, அக்காமாரு, நம்ம செட்டு ஆளுக, சின்ன செட்டுத் தம்பிக எல்லாருக்கும் வணக்கம்.

நம்ம காலேஜ் பழைய பிரின்சிபால் சாருக்கு எண்பது வயசு நிறையுது, சிறப்பு மலர் புத்தகம் போடுறோம்னு முடிவாகி லே-அவுட் வேலைய என்கிட்ட குடுத்தீங்க, சந்தோஷம், காசு பேசலை, பேசவும் மாட்டேன். ஆனா நீங்க அனுப்புன மேட்டரை பூராவும் சிஸ்டத்துல ஏத்தி பக்கம் பிரிச்சுப் பாத்துட்டுத்தான் இதை எழுதுறேன். கமிட்டிக்குள்ள சொன்னா அடுத்த மீட்டிங்ல பாப்போம்னு சொல்லுவீங்க, அடுத்த மீட்டிங்ல வடை நல்லாருக்கான்னு பேசிட்டு கலைஞ்சுருவோம், அதான் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுறேன், கோச்சுக்காதீங்க.

மொத்தம் 96 பக்கம், பாரத்துக்குப் பதினாறு பக்கம்னு ஆறு பாரம். அதுல வாழ்த்துரை மட்டும் 22 பக்கம், விளம்பரம் 30, கவிதை 11, பொன்னாடை போடுற போட்டோ 24, கமிட்டி பேரு நாலு பக்கம். சாரோட வாழ்க்கை எவ்வளவு தெரியுமா, ஒன்றரைப் பக்கம். அந்த ஒன்றரைப் பக்கத்துலயும் பாதி அவரு வாங்குன பட்டம், இருந்த கமிட்டி, எந்த வருஷம் எந்த பிளாக் தெறந்தாங்கன்னு. இதை அப்படியே ஒரு வேலைக்கு அப்ளிகேஷன் போடலாம், அந்த மாதிரி இருக்கு.

மலர் வேலை எனக்குப் புதுசு இல்ல. கும்பாபிஷேக மலர், வெள்ளிவிழா மலர், சங்க மாநாட்டு மலர்னு திருமங்கலத்துல உக்காந்து எத்தனையோ பண்ணியாச்சு. வாழ்த்துரையை யாரு படிக்கிறான்னா அதைக் குடுத்தவரோட பிஏ படிப்பாரு, அவரும் போட்டோ சரியா விழுந்திருக்கான்னு பாக்கத்தான். ஒரு மனுஷன் இருபது வருஷத்துக்கு மேல ஒரே ரூம்ல ஒரே நாற்காலியில உக்காந்து நம்மள மாதிரி ஆயிரக்கணக்கான பயலுகளை உள்ள விட்டு வெளிய அனுப்பியிருக்காரு, அவரு என்ன பண்ணாருன்னு இந்தப் புத்தகத்தை வாங்குற நம்ம பிள்ளைகளுக்குத் தெரியாது, ஏன்னா அதுல இல்ல. அதை எழுதச் சொல்லித்தான் இந்த மடல்.

பேரு நிக்கும், ஆளு மறைஞ்சுருவான், அது நம்ம ஊர்லயே நடந்திருக்கு. கோரிப்பாளையம் பக்கம் அமெரிக்கன் காலேஜ் பசங்ககிட்ட கேட்டுப் பாருங்க, நான் ஜம்ப்ரோ ஹால், நான் வாஷ்பர்ன் ஹால்னு ஹாஸ்டல் பேரை கெத்தா சொல்லுவாங்க. வாஷ்பர்ன் 1881ல பசுமலையில அந்தக் காலேஜ் ஆரம்பிச்சப்ப இருந்தவரு, ஜம்ப்ரோ அதைப் பசுமலையில இருந்து மதுரைக்குக் கொண்டாந்து 1909ல வைகைக்கு வடக்க இப்ப இருக்குற இடத்துல நிறுத்துனப்ப முதல்வரு. ஒரு காலேஜையே ஊர் மாத்துறதுன்னா எத்தனை பேருகிட்ட கெஞ்சியிருக்கணும், எத்தனை பேரு வேண்டாம்னு சொல்லியிருப்பாங்க, அதெல்லாம் அந்த ஹாலுக்குள்ள படுத்துத் தூங்குற பயலுக்குத் தெரியாது, அவனைச் சொல்லியும் குத்தமில்ல. கேட்டி வில்காக்ஸ் அம்மாவையும் எடுத்துக்கங்க, 1948ல லேடி டோக் காலேஜ் ஆரம்பிச்சு முதல் முதல்வரா இருந்தவுங்க, மதுரையில பொண்ணுகளுக்குன்னு வந்த முதல் காலேஜ் அது, அதுக்கு முன்னாடியே பல வருஷம் இங்க பொண்ணுக பள்ளிக்கூடத்துல வேலை பாத்தவுங்க. அங்க படிச்ச பாட்டிமாருகிட்ட கேட்டா இன்னைக்கும் கதை கதையா வரும், ஆனா பாட்டிக எத்தனை நாளைக்கு இருப்பாங்க. நம்ம சாருக்கும் ஏசி ஹால் ஒண்ணு கட்டி பேரு வைக்கப் போறதா கேள்விப்பட்டேன். கட்டுங்க. அதுக்கு முன்னாடி அவரு யாருன்னு எழுதி வச்சுருங்க.

சரி, என்ன எழுதணும்னு கேப்பீங்க.

அவரு மாணவனா இருந்ததுல இருந்து ஆரம்பிங்க. 1965 ஜனவரி 25, மதுரையில மாணவர் ஊர்வலத்துல மோதல் வந்து அங்க இருந்துதான் இந்தி எதிர்ப்புப் போராட்டம் தமிழ்நாடு பூராவும் பத்திக்கிச்சு. அன்னைக்கு அந்தக் கூட்டத்துல சார் இருந்தாரு, அவரே கிளாஸ்ல ஒருதரம் வாய் தவறிச் சொல்லிட்டு பேச்சை மாத்திட்டாரு, எங்க செட்டுல எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த ஆளுதான் பின்னாடி பிரின்சிபாலாகி நம்ம பயலுக கேட்டைப் பூட்டி ஸ்ட்ரைக் பண்ணுனப்ப போலீசைக் கூப்புடாம தானே வந்து கேட்டுக்கு உள்பக்கம் ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்தாரு. போலீசைக் கூப்புடச் சொல்லி மேனேஜ்மென்ட்ல இருந்து போனு மேல போனு வந்துச்சுன்னு பின்னாடி அட்டெண்டர் அண்ணன் சொன்னாரு. இருபத்தோரு வயசுல தெருவுல நின்ன அனுபவம்தான் அந்த ஸ்டூலான்னு அவர்கிட்ட யாராவது கேட்டிருக்கோமா?

அவரு வேலைக்குச் சேந்த காலமும் லேசுப்பட்ட காலம் இல்ல. 1966ல மதுரைப் பல்கலைக்கழகம் வந்துச்சு, தமிழறிஞர் தெ.பொ.மீனாட்சிசுந்தரம் முதல் துணைவேந்தர், அவருக்கப்புறம் 1971ல மு.வரதராசன் வந்தாரு, 1974ல பதவியில இருக்கும்போதே காலமானாரு. பல்கலை வர்றதுக்கு முன்னாடி எல்லாம் மெட்ராஸ் யுனிவர்சிட்டி, ஒரு கையெழுத்துக்கு மெட்ராஸ்க்கு ரயிலேறணும். பல்கலை வந்ததும் சுத்துப்பட்டுல காலேஜ் காலேஜா முளைச்சுச்சு, நம்மளுதும் அப்படி வந்ததுதான். அப்புறம் 1976ல தனியார் கல்லூரி ஒழுங்குமுறைச் சட்டம் வந்து கல்லூரிக் குழு, செயலரு, முதல்வருன்னு யாருக்கு என்ன அதிகாரம்னு கோடு போட்டாங்க. 1978ல பள்ளிக்கூடத்துல பிளஸ் டூ வந்துச்சு, காலேஜுல இருந்த பியூசி போச்சு, அதோட காலேஜுல கூட்டம் குறைஞ்சு வாத்தியாருக்கு ஒர்க்லோடு இல்லாம யாரைத் தூக்குவாங்களோன்னு ஸ்டாஃப் ரூம்ல ஒரே பயம். அந்தச் சூட்டுல, நாப்பது வயசைத் தொடுறதுக்கு முன்னாடியே, சீனியருக நாலு பேரு இருக்கும்போது இவரைத் தூக்கி பிரின்சிபால் நாற்காலியில வச்சாங்க. ஏன் வச்சாங்க? சொன்ன பேச்சைக் கேப்பாருன்னு வச்சாங்களா, தெறமைக்கு வச்சாங்களா? நம்ம ஒன்றரைப் பக்கத்துல "முதல்வராகப் பொறுப்பேற்றார்" அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்குள்ள ஒரு நாவலே கெடக்கு. அந்த நாலு சீனியருல ரெண்டு பேரு இன்னும் நல்லா இருக்காங்க, ஒருத்தரு வில்லாபுரத்துல, ஒருத்தரு எஸ்.எஸ். காலனியில, போயி கேட்டா சொல்லுவாங்க, இப்ப என்ன பகை இருக்கப் போவுது.

எய்டட் காலேஜ், அதாவது தனியார் நடத்தி அரசாங்கம் சம்பளம் குடுக்குற காலேஜ், அதுல பிரின்சிபால் வேலைன்னா என்னன்னு வெளிய இருக்குறவங்களுக்குத் தெரியாது, ஏதோ பெரிய மேஜைக்குப் பின்னாடி உக்காந்து டீசியில கையெழுத்துப் போடுறவருன்னு நெனைக்கிறாங்க. மாசாமாசம் சம்பள பில்லு இணை இயக்குநர் ஆபீசுக்குப் போகணும், ஒருத்தரு ரிட்டயர் ஆனா அந்த போஸ்ட்டை நிரப்ப அனுமதி வாங்கணும், இட ஒதுக்கீட்டு ரோஸ்டர் பாக்கணும், போட்ட ஆளுக்கு அப்ரூவல் வாங்கணும், அப்ரூவல் வர்ற வரைக்கும் அந்த ஆளு சம்பளமில்லாம நிப்பாரு, பிள்ளைக்குப் பால் வாங்க காசில்லைன்னு பிரின்சிபால் வீட்டு வாசல்லதான் வந்து நிப்பாரு. ஒரு பக்கம் செயலரு, ஒரு பக்கம் மூட்டான்னு சொல்ற காலேஜ் வாத்தியாருக சங்கத்துக்காரங்க, ஒரு பக்கம் பசங்க, நாகமலைப் பக்கம் பல்கலை நகர்ல இன்ஸ்பெக்ஷன் கமிஷன் ஆளுக. எல்லாருக்கும் நடுவுல உக்காந்திருக்குற ஆளு யாருக்கும் சொந்தக்காரரா இருக்க முடியாது. சார் மூட்டாவுல மெம்பரா இருந்துட்டு மேல போனவரு, போன அன்னைக்கே பழைய சிநேகிதங்க பாதிப் பேரு பேச்சை நிறுத்திட்டாங்கன்னு சொல்லுவாங்க. வேலைக்குக் காசு வாங்குற பேச்சு எல்லாக் காலேஜைப் பத்தியும் ஊர்ல இருந்த காலம் அது, எந்த ஃபைல்ல அவரு கையெழுத்துப் போட மாட்டேன்னாரு, எதுல போட்டாருன்னு தெரிஞ்ச ஆளு ரிட்டயர்டு ஆபீஸ் சூப்பிரண்டு சாரு. அவருக்கு இந்த மலர்ல ஒரு வரி கூட இல்ல, ஆனா நாம படிச்சு முடிச்சதுக்கப்புறம் ஒருதரம் கூட காலேஜ் பக்கம் வராத ஒரு தொழிலதிபருக்கு ரெண்டு பக்கம்!

அப்புறம் பஸ்சு. சின்ன செட்டுத் தம்பிகளுக்கு இது புரியாது, இப்ப பயலுக எல்லாம் பைக்குல வர்றாங்க. அப்ப பாண்டியன்னு பேரு போட்ட அரசு பஸ்சு ஒண்ணுதான் கதி, சேடப்பட்டி, பேரையூர், செக்கானூரணி பக்கத்துல இருந்து வர்ற டவுன் பஸ்சை விட்டா அடுத்ததுக்கு ஒன்றரை மணி நேரம். காலேஜ் ஒன்பதரைக்கு ஆரம்பிக்கும், பஸ்சு ஒன்பது அம்பதுக்கு வரும், தெனமும் முதல் ஹவர் பாதிக் கிளாஸ் ஆப்சென்ட். லேட்டா வந்தா வெளிய நில்லுன்னு சொல்லுற பிரின்சிபாலைத்தான் நாம எல்லா இடத்துலயும் பாத்திருக்கோம். இவரு ஒரு வாரம் வாசல்ல நின்னு எந்த பஸ்சு எத்தனை மணிக்கு வருதுன்னு எழுதி, டிப்போவுல போயி பேசி, அவங்க நேரத்தை மாத்த முடியாதுன்னதும் காலேஜ் நேரத்தையே பத்து மணிக்கு மாத்திட்டாரு. டவுன்ல இருந்து வர்ற வாத்தியாருக சாயங்காலம் லேட்டாகுதுன்னு சண்டை போட்டாங்க, அவங்க பக்கமும் நியாயம் இருக்கத்தான் செஞ்சுச்சு, ஆனா அந்த இருபது முப்பது நிமிஷத்துல டிகிரி முடிச்சவனுக எத்தனை பேருன்னு யாரும் எண்ணலை.

அட்மிஷன் டயத்துல இன்னொண்ணு கவனிச்சிருக்கீங்களா, அவரு யாருகிட்டயும் எந்த ஊருன்னு கேக்கவே மாட்டாரு. நம்ம பக்கம் ஊரைச் சொன்னாலே ஜாதி தெரிஞ்சுரும், தெருவைச் சொன்னா மிச்சமும் தெரிஞ்சுரும். அவரு கேக்குறது "எத்தனை மணி பஸ்சுல வருவ?" அவ்வளவுதான். வேணும்னே அப்படிக் கேட்டாரா, பழக்கமான்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆசை, அவரு வாயால கேக்கணும்னு.

பொண்ணுகளை எடுத்த கதையும் வேணும். ஆம்பளக் காலேஜா இருந்துச்சு, முதல்ல எம்ஏ கிளாசுக்கு மட்டும் எடுத்தாங்க, மொத வருஷம் வந்தது விரல் விட்டு எண்ணுற அளவு. லேடீஸ் ரூம்னு ஒண்ணு கெடையாது, சைக்கிள் ஷெட்டுக்குப் பக்கத்துல ஒரு ஸ்டோர் ரூமைக் காலி பண்ணிக் குடுத்தாங்க. அந்த அக்காமாருல ஒருத்தர் நம்ம கமிட்டியிலயே இருக்காங்க, ஆனா அவுங்களுக்குக் குடுத்த வேலை வரவேற்பும் சந்தனமும்! அக்கா, நீங்க எழுதுங்க, நாலு பக்கம் நான் ஒதுக்கி வைக்கிறேன். இன்னைக்கு அரசுப் பள்ளிக்கூடத்துல படிச்சுட்டு காலேஜ் போற பொண்ணுக்கு புதுமைப் பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் ரூபா அக்கவுண்ட்ல விழுது, 2022ல வந்த திட்டம். உங்க காலத்துல வீட்டுல இருந்து பஸ் காசு வாங்குறதே எப்படி இருந்துச்சுன்னு இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.

இப்ப கொஞ்சம் தள்ளிப் போய் ஒரு கதை சொல்றேன், கேட்டுட்டு திட்டுங்க. அமெரிக்காவுல பெஞ்சமின் மேஸ்னு ஒரு கருப்பின மனுஷன், அட்லாண்டாவுல மோர்ஹவுஸ் காலேஜுக்கு 1940ல இருந்து 1967 வரைக்கும் தலைவரு, அங்க பிரசிடென்ட்னு சொல்லுவாங்க, நம்ம ஊரு பிரின்சிபாலும் செயலரும் ஒரே ஆளா இருந்தா எப்படியோ அப்படி. அப்பா அம்மா ரெண்டு பேரும் அடிமையா பிறந்தவங்க, தெற்கு கரோலினாவுல பருத்திக் காடு. வருஷத்துல நாலு மாசம்தான் பள்ளிக்கூடம், மிச்ச மாசம் காட்டு வேலை, அதனால பள்ளிப் படிப்பை முடிக்கவே இருபது வயசு தாண்டிருச்சு. அங்க இருந்து 1920ல பேட்ஸ் காலேஜுல டிகிரி, 1935ல சிகாகோவுல பிஎச்டி, அப்ப வயசு நாப்பது ஆயிருச்சு. 1936 கடைசியில நம்ம நாட்டுக்கு வந்தாரு, மைசூர்ல ஒய்எம்சிஏ உலக மாநாடு, போற வழியில காந்தியைப் பாத்து ஒன்றரை மணி நேரம் பேசியிருக்காரு. அந்த மைசூர்ப் பயணத்துலதான் தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான பிள்ளைக படிக்கிற ஒரு பள்ளிக்கூடத்துல தலைமை ஆசிரியரு இவரைப் பிள்ளைககிட்ட அறிமுகம் பண்றப்ப, இவரும் அமெரிக்காவுல உங்கள மாதிரி தீண்டப்படாதவருதான், பாருங்க எவ்வளவு பெரிய ஆளா வந்திருக்காருன்னு சொல்லிட்டாரு. மேசுக்கு சுருக்குன்னு கோவம் வந்துச்சாம், அப்புறம் யோசிச்சுப் பாத்தா அது உண்மைதானேன்னு பட்டுச்சாம். இதை அவரே தன் சுயசரிதையில எழுதியிருக்காரு.

அவரு காலேஜுக்கு 1944ல பதினஞ்சு வயசுப் பையன் ஒருத்தன் சேந்தான், யுத்தத்தால ஆள் குறைஞ்சு போனதால சின்ன வயசுப் பயலுகளையும் எடுத்தாங்க, அந்தப் பையன் மார்ட்டின் லூதர் கிங். செவ்வாக்கிழமை காலையில மேஸ் பசங்களை உக்கார வச்சுப் பேசுவாரு, அதைக் கேட்டு வளந்தவரு கிங். 1968 ஏப்ரல்ல கிங்கை சுட்டுக் கொன்னப்ப அதே காலேஜ் வளாகத்துல இரங்கல் உரை பேசுனது இந்தப் பழைய தலைவருதான். நான் சொல்ல வந்தது கிங்கைப் பத்தி இல்ல. மேஸ் ஃபீஸ் விஷயத்துல ரொம்பக் கறாரு, பாக்கி வச்சவனை விட மாட்டாரு, அதுக்காகப் பசங்க அவருக்கு ஒரு பட்டப்பேரே வச்சிருந்தாங்க. அதுவும் அவரு வரலாறுல இருக்கு, மறைக்கலை. ரிட்டயர் ஆனதுக்கப்புறமும் சும்மா இருக்காம அட்லாண்டா ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கான போர்டுல 1970ல இருந்து பதினோரு வருஷம் தலைவரா இருந்துட்டு 1984ல போய்ச் சேந்தாரு. கிங்கைப் பத்தி ஒரு வரி, ஃபீஸ் பாக்கியைப் பத்தி ஒரு வரி, ரெண்டும் ஒரே புத்தகத்துல இருந்தாத்தான் மனுஷன் தெரியுறான்.

நம்ம சாரும் ஃபீஸ்ல கறாருதான், மறந்துட்டீங்களா. எக்ஸாம் ஃபீஸ் கடைசித் தேதிக்கு மூணு நாள் முன்னாடி பாக்கி லிஸ்ட் நோட்டீஸ் போர்டுல ஏறிரும், பேரு தெரியுற மாதிரி. அது எனக்கு அப்பவும் பிடிக்கலை, இப்பவும் பிடிக்கலை, காதலிச்ச பொண்ணு முன்னாடி பேரு தொங்குனா பையனுக்கு எப்படி இருக்கும். ஆனா அதே சார் மேஜை டிராயர்ல ஒரு நீள நோட்டு இருந்துச்சு, தவணை நோட்டு. அப்பாமாரு மஞ்சப்பையோட வந்து நிப்பாங்க, இவ்வளவு இன்னைக்கு, மிச்சம் பருத்தி எடுத்ததும்னு எழுதி கையெழுத்தோ கைநாட்டோ வச்சுட்டுப் போவாங்க. வராத பணத்துக்கு வாத்தியாருககிட்ட துண்டேந்துவாரு, முதல் ரூபா நோட்டை அவரே போட்டுட்டு. ஹால் டிக்கெட் இல்லாம அவரு காலத்துல ஒருத்தனும் பரீட்சையை விட்டதில்லைன்னு சூப்பிரண்டு சார் சொல்றாரு, அந்தத் தவணை நோட்டு சூப்பிரண்டு சார் வீட்டுப் பரண்ல பத்திரமா இருக்காம். அதுல ரெண்டு பக்கம் ஸ்கேன் பண்ணி மலர்ல போடுவோம், பேரையெல்லாம் நான் மறைச்சுத் தர்றேன், ஏன்னா அந்தக் குடும்பத்துப் பிள்ளைக இன்னைக்கு நல்ல நிலையில இருப்பாங்க, அவங்களைக் கேக்காம போடக் கூடாது.

நல்லதை மட்டும் எழுதுனா போதுமேன்னு நம்ம கமிட்டி செயலாளர் அண்ணன் சொல்லுவாருன்னு தெரியும். அங்கதான் எனக்கு உங்ககூட ஒத்து வரலை. இருபது வருஷத்துக்கு மேல ஒருத்தரே இருந்தாருன்னு பெருமையா தலைப்பு வச்சிருக்கீங்க. அவ்வளவு வருஷம் ஒருத்தரே இருந்தது நல்லதா கெட்டதான்னு ஒரு பக்கமாவது பேசணும். அமெரிக்காவுலயே இன்னொருத்தரு, எலிபலட் நாட், யூனியன் காலேஜுல 1804ல உக்காந்தவரு 1866ல சாகுற வரைக்கும் எந்திரிக்கலை, 62 வருஷம். கெட்டிக்காரரு, நிலக்கரியில எரியுற அடுப்பு கண்டுபிடிச்சவரு, லாட்டரி நடத்தி காலேஜுக்குக் காசு சேத்தவரு. ஆனா காலேஜ் காசு எது, தன் காசு எதுன்னு கணக்கு கலந்து போயி சட்டசபையில விசாரணை வரைக்கும் போச்சு, கடைசியில பெரும் சொத்தைக் காலேஜுக்கே எழுதி வச்சாரு. கடைசிப் பல வருஷம் உடம்பு முடியாம பேருக்குத் தலைவரு, வேலையைப் பாத்தது வேற ஆளு. அந்த வேலை பாத்த ஆளோட பேரு யாருக்கு ஞாபகம் இருக்கு, ஹிக்காக்னு ஒருத்தரு.

நம்ம சார் காசு விஷயத்துல சுத்தம், அதுல யாரும் விரல் நீட்ட முடியாது, ரிட்டயர் ஆனப்ப சொந்த வீடு கூட இல்ல, அவரு வீட்டு டீச்சரம்மா சம்பளத்துலதான் குடும்பம் ஓடுச்சு (அம்மாவை யாராவது பேட்டி எடுங்க, ஹாஸ்டல் பயலுக எத்தனை பேரு அவுங்க வீட்டுச் சோறு தின்னுருக்கோம்). ஆனா கடைசி அஞ்சாறு வருஷம் அவரு யாரு பேச்சையும் கேக்கலை. வைஸ் பிரின்சிபால்னு இருந்தவரை ஒரு லெட்டர் கூட தனியா அனுப்ப விடலை. ரெண்டாவது ஆளை வளக்காம விட்டதால அவரு போனதும் பொறுப்பு முதல்வர், பொறுப்பு முதல்வர்னு போட்டு எத்தனை வருஷத்தை ஓட்டுனாங்கன்னு நமக்கே தெரியும். பொறுப்புல இருக்குறவருக்கு எதையும் துணிஞ்சு முடிவெடுக்க முடியாது, மேனேஜ்மென்ட்டுக்கு அதுதான் வசதி. இப்ப யூஜிசி, அதான் பல்கலைக்கழக மானியக் குழு, 2018ல கொண்டாந்த விதிப்படி ஒரு முதல்வருக்கு அஞ்சு வருஷம், வேலையை மதிப்பீடு பண்ணிப் பாத்து இன்னொரு அஞ்சு வருஷம், அதோட சரி. சாரு மேல எவ்வளவு மரியாதை இருந்தாலும் அந்த விதி சரின்னுதான் நான் சொல்லுவேன். பஸ் டைமை மாத்துனது, பொண்ணுகளை எடுத்தது, தவணை நோட்டு எல்லாமே அவரோட முதல் பத்து வருஷத்துல நடந்தது, வேணும்னா தேதி போட்டுப் பாருங்க.

கடைசிக் காலத்துல நடந்தது செல்ஃப் பைனான்ஸ் பிரிவு, அரசாங்கக் காசு இல்லாம பசங்க ஃபீஸ்லயே ஓடுறது. சாயங்கால ஷிப்ட்டு, கம்ப்யூட்டர் சயின்ஸ், பிபிஏ, பணம் வந்துச்சு, கட்டடம் வந்துச்சு, அந்தக் கட்டட போட்டோதான் உங்க அட்டையில இருக்கு. அதுல பாடம் எடுத்தவங்க யாரு? நம்ம கூட படிச்சு எம்ஃபில் முடிச்சு, அப்ரூவ்டு போஸ்ட் வரும் வரும்னு காத்துக்கிட்டு, பக்கத்து கிளாஸ்ல எடுக்குற எய்டட் வாத்தியாரு வாங்குறதுல பத்துல ஒரு பங்கு கூட வாங்காம, மே மாசம் சம்பளமில்லாம இருந்தவங்க. அவங்கள்ல ரெண்டு பேரு இன்னைக்கு வேற வேலைக்குப் போயிட்டாங்க, ஒருத்தரு என் கடைக்குப் பக்கத்துலதான் ஜெராக்ஸ் வச்சிருக்காரு. அவரு சாரைக் குறை சொல்ல மாட்டாரு, நான் தூண்டிக் கேட்டும் சொல்லலை, அவரு நல்லவருதாம்பா, அவரு கையில ஒண்ணுமில்லன்னாரு. அது நெஜமாவே அவரு கையில இல்லாததான்னு எனக்குச் சந்தேகம் இருக்கு. ஜெராக்ஸ் கடை வாத்தியாருக்கு ரெண்டு பக்கம் குடுங்க, அவரு மனசுல உள்ளதை எழுதட்டும், சாரு கோச்சுக்க மாட்டாரு, கோச்சுக்கிட்டா நான் பாத்துக்கிறேன்.

இன்னொண்ணு இருக்கு, அதைச் சொல்லாம இந்த மடலை முடிச்சா எனக்கே தூக்கம் வராது. தொண்ணூறுகள் நடுவுல தென்மாவட்டம் பூராவும் ஜாதிக் கலவரம், ஊருக்கு ஊரு பதட்டம், 1997 ஜூன்ல மேலவளவுல பஞ்சாயத்துத் தலைவரையும் கூட இருந்தவங்களையும் வெட்டிக் கொன்ன காலம். அந்தச் சமயத்துலதான் ஒரு திருவிழாச் சண்டை ஊர்ல இருந்து நம்ம ஹாஸ்டலுக்குள்ள வந்துச்சு. ராத்திரி மெஸ்ஸுல தட்டு பறந்துச்சு, ஒருத்தனுக்கு மண்டை உடைஞ்சுச்சு. சார் அந்த ராத்திரி வீட்டுக்குப் போகலை, ஹாஸ்டல் வராந்தாவுலயே நாற்காலி போட்டு உக்காந்திருந்தாரு. மறுநாள் ரெண்டு பக்கமும் சரிசமமா சஸ்பெண்டு, ரெண்டு பக்கத்து அப்பாமாரையும் ஒரே பெஞ்சுல உக்கார வச்சுப் பேசுனாரு, மெஸ்ஸுல இனிமே ரோல் நம்பர் வரிசையிலதான் உக்காரணும்னு ஆர்டர் போட்டாரு, அந்த ஆர்டரு நாங்க வெளிய வந்ததுக்கப்புறமும் இருந்துச்சுன்னு கேள்வி. இதையெல்லாம் கவிதையில "சமத்துவச் சூரியனே"ன்னு ஒரு வரியில முடிச்சிருக்கீங்க.

ஆனா சரிசமமா சஸ்பெண்டுன்னு சொன்னா சரிசமமா விழுமா? ஒரு பக்கத்துப் பயலுக எல்லாரும் ரெண்டு வாரத்துல திரும்பி வந்து டிகிரி முடிச்சாங்க. இன்னொரு பக்கத்துல ரெண்டு பேரு வரவே இல்ல. அவங்க ஊருல இருந்து காலேஜுக்கு வர்ற பஸ்சு எதிர்ப் பக்கத்துக்காரங்க ஊரு வழியாத்தான் வரணும், அது சாருக்குத் தெரியாம இருக்காது, பஸ்சு ரூட்டை அவரை விடத் தெரிஞ்ச ஆளு நம்ம காலேஜுல யாரு? ஆளு அனுப்பிக் கூப்பிட்டுப் பாத்தாருன்னு சிலரு சொல்றாங்க, அதோட விட்டுட்டாருன்னு சிலரு சொல்றாங்க. அதுல ஒருத்தன் இப்ப திருப்பூர்ல பனியன் கம்பெனியில சூப்பர்வைசரு, நம்பர் என்கிட்ட இருக்கு, பேசத் தயாருன்னுட்டான், பேரு மட்டும் வேண்டாம்னான். சரின்னு சொல்லியிருக்கேன்.

அதனால நான் கேக்குறது இதுதான். வாழ்த்துரை 22 பக்கத்தை நாலு பக்கமாக்குங்க, எல்லாரு பேரையும் ஒரே பட்டியலா போட்டுட்டா யாரும் கோச்சுக்க மாட்டாங்க. பொன்னாடை போட்டோ 24ல நாலு போதும், எல்லாத்துலயும் சாரு முகம் துணியில மறைஞ்சுதான் இருக்கு. கவிதை எழுதுன அண்ணன்மாரு மன்னிக்கணும், மூணு எடுத்துக்கிறேன், எந்த மூணுன்னு நீங்களே சீட்டுக் குலுக்கிப் போட்டுக்கங்க, அந்தப் பழி எனக்கு வேண்டாம். விளம்பரத்துல கை வைக்கலை, அதுலதான் பேப்பர் செலவு வரணும். மிச்சமாகுறது கிட்டத்தட்ட 46 பக்கம். அதுல சூப்பிரண்டு சார், அட்டெண்டர் அண்ணன், மெஸ் மாஸ்டர், முதல் செட்டு அக்கா, ஜெராக்ஸ் கடை வாத்தியார், வில்லாபுரத்து சீனியர் சார், டீச்சரம்மா, திருப்பூர்க்காரன். எழுத வராதவங்க போன்ல பேசுனா போதும், நான் கேட்டு டைப் பண்ணிக்கிறேன். சிவகாசிக்கு ஃபைல் அனுப்ப இன்னும் ஒரு மாசம் இருக்கு, அட்டையை மட்டும் முன்னாடியே கேக்குறாங்க, அதுல அந்த செல்ஃப் பைனான்ஸ் பிளாக்கு வேண்டாம், வேற எது வேணா போடுங்க.

சாரையும் ஒருதரம் உக்கார வச்சுக் கேக்கணும், ஸ்டூலைப் பத்தி, பஸ்சைப் பத்தி, அந்த ரெண்டு பயலுகளைப் பத்தி. கடைசிக் கேள்வியை நான் கேக்குறேன், நீங்க யாரும் சங்கடப்பட வேண்டாம். கூட ஒருத்தரு வந்தா நல்லாருக்கும், அந்தச் சண்டை நடந்த செட்டுக்காரங்களா இருந்தா ரொம்ப நல்லது. காது கொஞ்சம் மந்தமாயிருச்சு, வலது பக்கம் உக்காந்து பேசணும், ஞாயித்துக்கெழமை காலையில பத்து மணிக்கு மேல வரச் சொல்லியிருக்காரு, மத்தியானம் சாப்புட்டா தூங்கிருவாராம். யாரு வர்றீங்கன்னு வெள்ளிக்கெழமைக்குள்ள எனக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க.